ஜூனில் வால்பாறை: அட்டைக்கும் மழைக்கும் என்ன செய்வது?

பொள்ளாச்சிப் பையன்:
கானுயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜூனிலிருந்து 4 மாதம் வால்பாறைப் பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் மழைக்காட்டுத் துண்டு ஒன்றில் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்குக் கூட்டத்தைப் பின்தொடர வேண்டும். விடிந்ததிலிருந்து அவை மரத்தில் அடங்கும்வரை. 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வந்துவிடும் ஊர்தான், ஆனால் மழைக்காலத்தில் காட்டுக்குள் நின்றதே இல்லை. அட்டைக்கு என்ன வழி? எந்த ரெயின்கோட் வாங்கலாம்? யானையை நினைத்தே அம்மா பாதி இளைத்துவிட்டார்.

ஈரச்சாக்ஸ்:
இரண்டு தென்மேற்குப் பருவமழையை அங்கேயே கழித்தவள் சொல்கிறேன். ரெயின்கோட் வேண்டாம். அரை மணி நேரத்தில் உள்ளே வியர்வையால் நனைந்துவிடுவீர்கள். தலையை மூடினால் மந்தி கூப்பிடுவதும் காதில் விழாது. பெரிய கறுப்புக் குடை போதும். சோலைமந்தி வெடிப்பலாக் காயைப் பிய்த்துக் கொட்டையை எடுத்துக்கொண்டு முள்தோலைக் கீழே போட்டுவிடும். முதல் வாரமே என் குடையில் ஓட்டை. தலைக்கு அது தேவலை.

காடாத்துணி எடுத்து முழங்கால்வரை உறை தைத்துக்கொள்ளுங்கள், மேலே இறுக்கிக்கட்ட நாடாவோடு. வெளிர் நிறமாக இருந்தால்தான் அட்டை ஏறுவது தெரியும். உப்பு முதல் மழையிலேயே கரைந்துபோகும், மூக்குப்பொடி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அப்படியும் கடிக்கும், எனக்கு ஒருமுறை கண்ணுக்குக் கீழேயே. பிடித்து இழுக்காமல், வாய் ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தை நுழைத்துத் தள்ளிவிடுங்கள். ரத்தத்தை உறையவிடாத சரக்கு அதன் எச்சிலில் இருப்பதால் வெகுநேரம் கசிந்துகொண்டே இருக்கும். நியூஸ்பேப்பரில் ஒரு துண்டு கிழித்து ஒட்டிக்கொண்டு வேலையைப் பாருங்கள். கடி வலிக்காது. அப்புறம் நாள்கணக்கில் அரிக்கும் பாருங்கள், அதுதான் கொடுமை.

யாரும் சொல்லாத விஷயம் துணி. ஜூலையில் எதுவுமே காயாது. இரண்டே செட் வைத்துக்கொள்ளுங்கள்: காட்டுக்கு ஈரம், படுக்கக் காய்ந்தது. காலை 5 மணிக்கு அந்தச் சில்லிட்ட பேன்ட்டுக்குள் காலை விடுவதைவிடக் கஷ்டமான வேலை அன்று முழுக்க இருக்காது. ஒரு நாள் மனசு கேட்காமல் காய்ந்ததைப் போட்டுக்கொண்டு போனேன். அன்று ராத்திரி முழுக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தேன்.

எஸ்டேட்காரன்:
அம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி, யானை பக்கத்தில் நின்றால் எரியும் சிவப்பு விளக்கு இங்கே பல இடத்தில் உண்டு. ஊர்க்காரர்களே போனிலிருந்து எரியவிடுவார்கள். விளக்கு எரிந்தால் அந்தப் பாதையில் போகாதீர்கள், குறுக்குவழி என்று தேயிலைக்குள்ளும் இறங்காதீர்கள். காட்டுக்குள் விளக்கு கிடையாது. மழைச் சத்தத்தில் கிளை முறிவதும் கேட்காது. கூட வரும் காடர் பழங்குடி அண்ணன் நின்றால் நில்லுங்கள், திரும்பினால் திரும்புங்கள். ஏன் என்று டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம்.

பொள்ளாச்சிப் பையன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. உறை தைக்கக் கொடுத்துவிட்டேன். டெய்லர் "தலையணைக்கா?" என்று கேட்டார். 15 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டத்தில் எது என்ன செய்கிறது என்று பதிய வேண்டும். போனில் பதியலாமா?

ஈரச்சாக்ஸ்:
ஈர விரலுக்குப் போன் அசையாது. பேனா மையும் ஓடிவிடும், என்னுடைய ஒரு நாள் வேலை அப்படித்தான் நீலக் கறையாகிப் போனது. பென்சில்தான். நூல் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஏழு பென்சில் சேற்றில் போன பிறகுதான் எனக்கு அது தோன்றியது.