20 அடி தெருப் படுதா, பழைய முறையில்: வஜ்ஜிரப் பதம் என்ன?

கயத்தாறுக்காரன்:
கோயில் கொடைக்கு ஸ்பெஷல் நாடகம் போடுறோம். பிளெக்ஸ் வேண்டாம், காடாத்துணியில் எழுதிய படுதாதான் வேணும்னு கமிட்டியில் முடிவு. அகலம் 20 அடி, உயரம் 12 அடி, தெரு சீன். அடியில் கம்பு கட்டி மேலே சுருட்டணும். சோதனைக்கு இரண்டு துண்டு எழுதினோம். ஒன்றில் வண்ணம் பொடியாகக் கையில் ஒட்டுது. இன்னொன்று சுருட்டினதும் வெடிக்குது. அந்தக் காலத்து நாடகக் கம்பெனி ஓவியர்கள் பசையை எப்படிச் சேர்த்தாங்க?

படுதா ரசிகன்:
இரண்டுக்கும் வஜ்ஜிரம்தான் (மாட்டுத் தோல், எலும்பு காய்ச்சி எடுக்கிற பசை) காரணம், அண்ணாச்சி. குறைஞ்சா உதிரும், மிஞ்சினா வெடிக்கும். மிஞ்சினது லைட் பட்டு மினுங்கவும் செய்யும். உங்க அளவுக்கு முக்கால் கிலோ போதும். ராத்திரியே பச்சைத் தண்ணியில் ஊறப்போடுங்க. காலையில் உப்பியிருக்கும். அதை வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வச்சு உருக்குங்க. நேரடியா அடுப்பில் கொதிச்சா ஒட்டுற சக்தி போயிரும். ஊறின தண்ணியோட சேர்த்து மொத்தம் 11 லிட்டருக்கு நீட்டலாம். வஜ்ஜிரம் சரக்குக்குச் சரக்கு மாறும்கிறதால அளவை மட்டும் நம்பாதீங்க: சூட்டோடு இரண்டு விரலை ஒட்டிப் பிரிச்சா லேசா இழுக்கணும், ஆறினா இளநுங்கு மாதிரி தளதளன்னு நிக்கணும்.

இதே நீரில் முதலில் வெறும் துணிக்கு ஒரு கை பூசுங்க. காய்ஞ்சதும், ஊறவச்ச சாக்பொடியைக் கலந்து வெள்ளை ஒரு கை. சாக்பொடிக்குப் பதில் சுண்ணாம்பு போட்டுராதீங்க. அது பசையைக் கெடுக்கும், பிரஷ்யன் நீலத்தைப் பழுப்பாக்கிரும். சலவை நீலம் சுண்ணாம்புக்குத் தாங்கும்.

வண்ணப்பொடியைத் தனியா தண்ணியில் குழைச்சு அப்புறம் வெதுவெதுப்பான வஜ்ஜிர நீர் சேர்க்கணும். புகைக்கரி தண்ணியில் மிதக்கும். நாலு சொட்டு ஸ்பிரிட் விட்டா அடங்கும். முக்கியமா, ஈரத்தில் தெரியுற நிறம் காய்ஞ்சதும் நல்லா வெளுக்கும். ஒவ்வொரு கலவையையும் துண்டுத் துணியில் தடவி, காயவச்சுப் பார்த்துட்டுத்தான் படுதாவில் கை வைக்கணும். ஒரே இடத்தில் பிரஷை இரண்டு மூணு தடவை தேய்க்காதீங்க, அடிவண்ணம் கிளம்பிரும்.

கோடுபோடுபவன்:
துணிக் கணக்கை விட்டுட்டீங்களே. 36 அங்குலக் காடாவில் நாலு பட்டை போதும்னு தோணும். ஆனா தையலுக்கும், பசை போட்டதும் சுருங்குறதுக்கும், மேல் கீழ் மடிப்புக்கும் போக 12 அடி தேறாது. 22 அடி நீளத்தில் 5 பட்டை, கிட்டத்தட்ட 37 கெஜம். தையல் கிடைமட்டமா ஓடட்டும். கம்போட கனம் இழுத்துச் சுருக்கத்தைப் போக்கும். நெடுக்குத் தையல் விழுந்த இடமெல்லாம் சுருங்கித் தெரியும்.

சின்னப் படத்தில் 1 அங்குலம் படுதாவில் 1 அடி. கட்டம் போட நூல் அடிங்க, கரித்துண்டால் வரைங்க. வீடுகளோட கோடெல்லாம் போய்ச் சேரும் புள்ளியை மேடைத் தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில் வச்சு, அங்கே ஆணி அடிச்சு நூலைக் கட்டி இழுத்தா ஒவ்வொரு கூரையும் தானா அமையும். தூரத்து வீட்டு வாசலை நடுவில் ரொம்பச் சின்னதா வரைஞ்சா, அதுக்கு முன்னால் நிக்கிற ராஜபார்ட் (கதாநாயக நடிகர்) பூதமாத் தெரிவார். அந்த இடத்தில் மரமோ கோபுரமோ வைங்க.

நீலத்தை ராத்திரி விளக்கில் பாருங்க. பழைய மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் மங்கிரும், அதனாலதான் கம்பெனிப் படுதாக்களில் வானம் அவ்வளவு அழுத்தமா இருக்கும். எல்இடி வெள்ளை விளக்குன்னா அந்த அழுத்தம் வேண்டாம்.

கோவில்பட்டி வாசகர்:
கம்பெனி ஓவியர் வேலை எழுதுறதோடு முடியாது. முகாம் மாறும்போதெல்லாம் படுதாவைச் சுருட்டி ஏத்தணும், இறக்கினதும் வெடிப்பைத் தொட்டுச் சரிசெய்யணும், புது நாடகம் வந்தா பழைய துணியை நனைச்சுக் கழுவி மேலே வேறு சீன் எழுதணும். வஜ்ஜிர வண்ணம் தண்ணியில் போயிரும்கிறது அவங்களுக்கு வசதி. பழைய படுதா அதிகம் மிஞ்சாததுக்கு அதுவும் ஒரு காரணம். சென்னையில் ஓவியம் படிச்ச கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதிட்டு, 1940களில் அப்போது நெல்லை மாவட்டமா இருந்த கோவில்பட்டியில் தங்கினவர். பிறகு அவரும் சீடர்களும் சிவகாசி காலண்டருக்கு வரைஞ்ச சாமி படங்களில், பின்னால் இருக்கிற மண்டபத்தையும் குளத்தையும் பாருங்க; படுதா எழுதின கை தெரியும்.

கயத்தாறுக்காரன்:
நன்றி. வஜ்ஜிரத்துக்குப் பதில் ஃபெவிக்கால் கலந்தா மழைக்குத் தாங்குமா?

படுதா ரசிகன்:
வஜ்ஜிரத்தை விடத் தாங்கும், முழுசா இல்லை. ஆனா தப்பானா கழுவ முடியாது, கூடினா மினுங்கும். கொடை சித்திரையில்னா வஜ்ஜிரமே போதும், ஐப்பசி, கார்த்திகைன்னா ஃபெவிக்காலை நல்லா நீர்க்கவச்சுப் போடுங்க. வஜ்ஜிரம் வெயில் காலத்தில் ஒன்றிரண்டு நாளில் நாறிரும். அன்னன்னைக்கு வேண்டியதை மட்டும் உருக்குங்க. பூஞ்சை பிடிக்காம இருக்கத் துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பாங்க. அது விஷம், பிள்ளைகள் கை படாம வைங்க. துத்தத்தை இரும்பு வாளியில் கரைக்காதீங்க.