வெண்கலத்துல கை வார்த்தா கிளவுஸ் மாதிரி வருது, உணர்ச்சி எப்படி கொண்டு வர்றது?

மெழுகுவிரல்:
எங்க பாட்டி கடைசி ரெண்டு வாரம் என் கைய விடவே இல்ல, அந்தக் கைய வெண்கலத்துல செய்யணும்னு ஆறு மாசமா மெழுகோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன் (மெழுகுல செஞ்சு, மேல மண்ணு பூசி, மெழுக உருக்கி எடுத்துட்டு அந்த இடத்துல வெண்கலம் ஊத்துற முறை). சுருக்கம், நரம்பு, நகம் எல்லாம் போட்டோவ பாத்து அப்படியே வச்சேன், வார்த்து வந்தா பஞ்சடைச்ச கிளவுஸ் மாதிரி கிடக்கு. எங்க தப்பு பண்றேன்?

காவிரிக்கரை:
சுருக்கத்துல தேடாதீங்க, மணிக்கட்டுல தேடுங்க. தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துல திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், அதாவது காளை மேல சாஞ்சு நிக்கிற சிவன், வெண்கலச் சிலை இருக்காரு, 1011ல செஞ்சது. பக்கத்துல நின்ன காளை இப்ப இல்ல, ஆனா கை இன்னமும் அது மேல சாஞ்சிருக்கிற மாதிரியே இருக்கும், தோள்ல இருந்து விரல் நுனி வரைக்கும் பாரத்த இறக்கி வச்ச கை. நரம்பு ஒண்ணு கூட தெரியாது. அங்கயே கல்யாணசுந்தரர் அம்பாள் கைய பிடிச்சிருக்கிற இடத்தையும் நின்னு பாருங்க, நான் அரை மணி நேரம் நின்னேன்.

களிமண்:
பிரெஞ்சு சிற்பி ரோடின் வெண்கலத்துல செஞ்ச, பிரான்ஸ்ல இருக்கிற கலே நகரத்து ஆறு பேரையும் பாருங்க. 1347ல ஊர காப்பாத்த சாகத் துணிஞ்சு, கழுத்துல கயிறோட இங்கிலாந்து ராஜாகிட்ட கிளம்பினவங்க. ஒருத்தர் ஊர்ச் சாவிய ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருப்பாரு, இன்னொருத்தர் தலைய ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு குனிஞ்சிருப்பாரு, மூஞ்சி சரியா தெரியாது, கைதான் அழும். கைய எல்லாம் அளவ மீறி பெருசாவே வச்சிருக்காரு. போட்டோ அளவ விட்டு வெளிய வாங்க.

உளிச்சத்தம்:
வேலை விஷயம் ஒண்ணு சொல்றேன். தேன்மெழுகுல குங்கிலியம் கொஞ்சம் கூட சேருங்க, விரல் நிக்கும். விரல தனித்தனியா உருட்டி ஒட்டாம உள்ளங்கையோட சேத்தே பிடிங்க, சூடு இருக்கும்போதே வளைங்க. மெல்லிசா கீறின சுருக்கம் எல்லாம் வார்த்தப்புறம் அரம் போடும்போதே போயிடும், ஆழமா ரெண்டு மூணு மடிப்பு போதும்.

மெழுகுவிரல்:
இப்பதான் புரியுது, போட்டோவுல பாட்டி கை பெட்ல சும்மா கிடந்தது, என் கைய பிடிச்சப்ப கட்டைவிரல் மட்டும் என் விரல் முட்டிய அழுத்திக்கிட்டே இருக்கும், அத நான் செய்யவே இல்ல. என் கையும் சேத்து வார்க்கணுமா, இல்ல அந்தக் காளை மாதிரி விட்டுடலாமா?

காவிரிக்கரை:
விட்டுடுங்க. ஆனா மெழுகுல ரெண்டு கையும் செய்யுங்க, மண்ணு பூசுறதுக்கு முன்னாடி உங்க கைய மட்டும் எடுத்துடுங்க.