சுருட்டை விரியன் பாம்பு இரைக்காக எங்கே படுத்துக் காத்திருக்கும்? பார்த்தவங்க சொல்லுங்க

பலமநேர் மேட்டுக்காடு:
கல்கட்டு வரப்பு, இருட்டின நேரம். சுருட்டை எலிவளை வாசல்ல இல்லை. ரெண்டு முழம் தள்ளி, எலி ஓடி ஓடித் தேய்ஞ்ச தடம் ரெண்டு கல்லுக்கு நடுவுல குறுகுற இடம். உடம்பைச் சுருட்டி, தலையை நடுவுல வச்சு, மூஞ்சி தடத்தைப் பார்த்தபடி. டார்ச் பட்டும் அசையலை. நாக்கு மட்டும் வெளிய வந்து மண்ணைத் தொட்டுட்டு உள்ள போச்சு. வாசல்லயே படுத்தா என்ன?

குடியாத்தம் பீடி இலை:
வாசல்ல எலி நின்னு மோந்து பார்த்துட்டுத்தான் வெளிய வரும். பழகின தடத்துல அந்த உஷார் இருக்காது. இது என் கணக்கு. ஆனா எலின்னு ஏன் முடிவு கட்டினீங்க? நம்ம பக்கத்துச் சுருட்டை ஒரு அடி சொச்சம்தான். தேள், பூரான், பல்லி, சின்னத் தவளை எல்லாம் தின்னும். கல்லிடுக்குல தேளும் அலையும்.

நகரி சவுக்குத்தோப்பு:
எதுவா இருந்தா என்ன, உடம்புச் சூட்டை வச்சுதான் பிடிக்குது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல அதுக்குன்னே குழி இருக்கு.

குடியாத்தம் பீடி இலை:
அது குழிவிரியனுக்கு. அமெரிக்கப் பாலைவனத்துச் சைட்வைண்டர் பாம்புக்கு உண்டு, கேரளா மலை மூங்கில்ல தொங்குற பச்சை விரியனுக்கும் உண்டு. சுருட்டைக்கும் கண்ணாடி விரியனுக்கும் கிடையாது. தேளுக்கு ஏதுங்க உடம்புச் சூடு? நாக்குல ஒட்டின வாசனையை மேலண்ணத்து ஜேக்கப்சன் உறுப்புல சேர்த்துப் பார்க்கும். இரை நடமாட்டம் இருக்குற இடம்னு தெரிஞ்சா சுருண்டுக்கும். ஆப்பிரிக்காவுல நமீப் பாலைவன மணல்ல ஒரு குட்டி விரியன் கண்ணு ரெண்டும் உச்சந்தலையில இருக்க, உடம்பை மணல்ல புதைச்சு, வால் நுனியைப் புழு மாதிரி நெளிச்சுப் பல்லியை வரவழைக்கும். ஈரான்ல ஒண்ணு, வால் நுனியே சிலந்தி மாதிரி, பறவைக்கு வலை. 2006லதான் தனி இனம்னு பேர் வச்சாங்க.

ஆர்.கே.பேட்டை:
கல்லைப் புரட்டுறவங்க கவனிங்க. விரலை அடியில விடாதீங்க. கொக்கியால எதிர்ப்பக்க விளிம்பை மாட்டி, கல்லை உங்க பக்கம் சாய்ங்க, கல்லே தடுப்பா நிக்கும். டார்ச்சை இடுப்புக்குக் கீழ பிடிச்சா நிழல் நீண்டு விழும், சுருள் தெரியும். தலைக்கு மேல பிடிச்சா எல்லாம் ஒரே மண்ணு. கண்ணு மின்னும்னு தேடாதீங்க, பாம்புக்கு மின்னாது. சூடான தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி சர்ருன்னு கேட்டா நின்னு பின்வாங்குங்க, செதிலைச் செதில்ல உரசுது. கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க. காலை அசைக்காம அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்ல 20 நிமிஷம் ஆட்டாம வச்சு உறையுதான்னு பார்ப்பாங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி, சுருட்டை நாலுக்கும் ஒரே மருந்துதான், எதுன்னு காட்டப் பாம்பை அடிச்சுத் தூக்கிட்டுப் போக வேண்டாம்.

பலமநேர் மேட்டுக்காடு:
படுக்குற இடம் கேட்டா ஆஸ்பத்திரில சேர்த்துட்டீங்க!

குப்பம் கள்ளிவேலி:
மழைக்கு அப்புறம் தரையில தேடாதீங்க. ஈரம் ஊறின ராத்திரி, கள்ளிக் கிளையில முழங்கால் உசரத்துல சுருண்டு, தலை கீழ் நோக்கி. அடியில எலித்தடமே இல்லை. தரை ஈரத்துக்கு ஏறினதா, இரைக்கா? இதுக்குப் பதில் சொல்லுங்க பீடி இலை.