கலெக்டர் ஆபீசில் உள்ளூர் புகார்க் குழுவைத் தேடிய கதை

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன தையல் யூனிட். அங்கே வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் ஓனரே தப்பாக நடந்துகொண்டார். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்பதால் உள் புகார்க் குழு கிடையாது. இப்படிப்பட்டவர்களுக்காகவே மாவட்டந்தோறும் உள்ளூர் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது, பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம்.

அக்காவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். "அப்படி ஒரு குழுவா? ஸ்டேஷனுக்குப் போங்கம்மா" என்றார் ஒருவர். இன்னொருவர் சமூக நலத்துறைக்குக் கைகாட்டினார். அங்கே மேடம் மீட்டிங்கில் இருந்தார். அக்கா முந்தானை நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "விடு பாப்பா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

இந்தச் சட்டம் யாரும் மனமிரங்கிக் கொடுத்தது இல்லை. 1992இல் ராஜஸ்தானில் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார், அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்த பன்வாரி தேவி. அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்கில்தான் 1997இல், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய விசாகா தீர்ப்பு வந்தது. அப்போது இதற்கென்று தனிச் சட்டமே இல்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை, அதாவது சீடாவை, 1993இல் இந்தியா ஏற்றிருந்தது. அதைக் காட்டித்தான் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றத்துக்கு மேலும் 16 வருடம் ஆனது! சட்டத்தின் முகப்புரையிலேயே சீடாவின் பெயர் இருக்கிறது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவில் இதையெல்லாம் எழுதினோம். குழுவில் யார் யார், கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐயும் போட்டோம். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பழைய குழுவின் மூன்று வருடப் பதவிக்காலம் எப்போதோ முடிந்திருக்கிறது, புதிதாக யாரையும் போடவில்லை. இப்போது போட்டிருக்கிறார்கள். அக்காவின் புகார் விசாரணையில் இருக்கிறது.

இங்கே கைவிட்டால், சீடாவைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவிடம் நாமே தனியாகப் புகார் கொடுக்கவும் வழியில்லை. அதற்கு வழிசெய்யும் 'விருப்ப நெறிமுறை' என்ற கூடுதல் ஒப்பந்தத்தில் இந்தியா இன்னும் சேரவில்லை. இலங்கை 2002இலேயே சேர்ந்துவிட்டது. நம் அரசை ஏன் சேரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு: சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எழுத முடியாதவர்களுக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. உங்கள் மாவட்டத்தில் குழு இயங்குகிறதா? போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.