நிறை உறுப்பு இல்லாமலே சமச்சீர்மை முறியுமா?

கேள்வி: அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலத்தின் நிலையாற்றலில் நிறை உறுப்புக்கு (புலத்தின் இருபடி உறுப்புக்கு) எதிர்க்குறி இடுவதால்தான் சமச்சீர்மை முறிகிறது, அதாவது புலம் சுழியல்லாத மதிப்பில் நிலைகொள்கிறது என்று படித்தேன். அந்த உறுப்பையே சுழியாக்கினால், குவாண்டம் திருத்தங்கள் மட்டும் அந்த வேலையைச் செய்யுமா?

மறுமொழி 1: செய்யும். 1973-இல் சிட்னி கோல்மனும் எரிக் வெயின்பெர்க்கும் காட்டியது இதையே. நிறையற்ற, மின்னூட்டமுள்ள ஸ்கேலார் புலத்தை (ஹிக்ஸ் போலத் திசையற்ற புலம்) ஒளித்துகளான ஃபோட்டானுடன் இணைத்து, குவாண்டம் திருத்தங்களில் முதல் படியான ஒற்றை வளையத் திருத்தத்தைக் கணக்கிட்டால், புலத்தின் நான்காம் படியோடு ஒரு மடக்கையும் பெருக்கலாக வந்து சேர்கிறது. சுழிக்கு மிக அருகே அந்த மடக்கை எதிர்மதிப்புப் பெறுவதால், நிலையாற்றல் அங்கிருந்து சரிந்து, சற்றுத் தள்ளி அடிமட்டத்தைத் தொடுகிறது.

மறுமொழி 2: ஓர் எச்சரிக்கை. ஸ்கேலார் தன்னோடு மட்டும் இடைவினை புரிந்தால், மடக்கை மிகப் பெரிதாகும் இடத்தில்தான் அந்தப் பள்ளம் தெரியும்; அங்கே ஒற்றை வளையக் கணக்கை நம்ப முடியாது. ஃபோட்டான் இருப்பதால்தான் கணக்கு நிற்கிறது.

கேட்டவர்: அப்படியானால் ஹிக்ஸ் துகளும் இவ்வழியில் வந்ததா?

மறுமொழி 1: துகள் இயற்பியலின் அடிப்படைக் கோட்பாடான திட்ட மாதிரியில் இல்லை. மிகக் கனமான அடிப்படைத் துகளான டாப் குவார்க்கை ஒதுக்கிவிட்டால் ஹிக்ஸ் நிறை சுமார் 10 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என்று கிடைக்கும். ஆனால் 1995-இல் கண்டறியப்பட்ட டாப் குவார்க்கின் நிறை ஏறத்தாழ 173. அதன் வளையம் எதிர்க்குறியோடு வந்து வலுக்குறைந்த அணுக்கரு விசையைச் சுமக்கும் டபிள்யூ, இசட் போசான்களின் பங்களிப்பை விழுங்கிவிடுகிறது. 2012-இல் அகப்பட்ட ஹிக்ஸோ 125. புதிய போசான்களைச் சேர்ப்போர் மட்டுமே இவ்வழியை இன்னும் கைவிடவில்லை.