பழைய லைட்ஹவுஸ் கல் சந்துல சிமென்ட் அடைக்கலாமா?

சிவில்பையன்:
அண்ணாங்களா ஒரு டவுட். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு பழைய கருங்கல் லைட்ஹவுஸ் ரிப்பேர் எடுத்திருக்கேன். சென்னை ஹைகோர்ட் காம்பவுண்டுக்குள்ள 1844ல விளக்கேத்துன தூண் இருக்குல்ல, அந்த டைப். சாந்து கொட்டிப்போய் சந்து தொறந்து கெடந்தா ஸ்ட்ராங்கா சிமென்ட் அடைச்சா முடிஞ்சுது, எதுக்கு எல்லாரும் சுண்ணாம்பு சுண்ணாம்புன்னு உயிரை எடுக்குறாங்க?

சாரக்கம்பு:
ஸ்ட்ராங்கா இருக்கறதுதான் தம்பி பிரச்சனையே. கருங்கல்லு தண்ணிய அவ்வளவா உறிஞ்சாது, உள்ள போன ஈரம் சந்து வழியாத்தான் வெளிய வரணும், அதை சிமென்ட்டால அடைச்சா ஈரமும் கடல் உப்பும் உள்ளயே தங்கி, காய காய உப்பு பூத்து பழைய சாந்தை மாவாக்கிரும். வெளிய பளிச்சுனு இருக்கும், உள்ள பொலபொலன்னு உதிரும். தேஞ்சா சாந்து தேயட்டும், திரும்ப பூசிக்கலாம், கல்லை மாத்த முடியுமா? கிரைண்டர் விட்டு சந்தை அறுக்க விடாதீங்க, கல்லு ஓரம் போயிரும், உளியும் சுத்தியும்தான். சந்து அகலத்துக்கு ரெண்டு மடங்காவது ஆழம் எடுத்து, தண்ணி தெளிச்சு பூசி, ஈரச்சாக்கு தொங்கவிடணும். வெயில்ல சட்டுனு காஞ்சா வேலை போச்சு.

துறைமுகம்77:
ஆனா சாதா சுண்ணாம்பு அலையடிக்கிற இடத்துல நிக்காது, ஈரத்துலயும் இறுகற சுண்ணாம்பு வேணும். இங்கிலாந்துல எடிஸ்டோன்ங்கற கடல் பாறையில 1759ல லைட்ஹவுஸ் கட்டி முடிச்ச இன்ஜினியர் ஸ்மீட்டன் இதுக்காகவே சோதனை பண்ணாரு. களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லை சுட்டா தண்ணிக்குள்ளயும் இறுகும்னு பாத்து, அதோட இத்தாலி எரிமலைச் சாம்பலையும் சேர்த்தாரு. 1880கள்ல அந்த லைட்ஹவுஸை கழட்டுனாங்க, காரணம் என்னன்னா கீழ இருந்த பாறையை கடல் அரிச்சிருச்சு, கோபுரம் கிண்ணுனுதான் நின்னுச்சு! மேல் பாகத்தை பிளைமவுத்ல கொண்டாந்து நிறுத்திட்டாங்க, அடிக்கட்டை இன்னமும் அந்தப் பாறையிலயே இருக்கு. நம்மூர்ல அந்த சாம்பல் வேலையை சுர்க்கி, அதான் செங்கல் தூள், செய்யும்.

சிவில்பையன்:
செம அண்ணா. அப்ப கல்லுல விரிசல் இருந்தாலும் சுண்ணாம்பு தானா?

உப்புக்காத்து:
முதல்ல விரிசல் எங்கேர்ந்து கிளம்புதுன்னு பாருங்க ப்ரோ. பால்கனி கைப்பிடிக் கம்பியை கல்லுல குழி போட்டு ஈயம் ஊத்தி நட்டிருப்பாங்க, சில இடத்துல கல்லுக்கும் கல்லுக்கும் இரும்புக் கிளாம்பு இருக்கும். துரு ஏற ஏற இரும்பு பல மடங்கு உப்பி கருங்கல்லையே பிளந்துரும். கம்பிக் கால்லேர்ந்து கிளம்புற விரிசல்னா பெரும்பாலும் இதான் கேஸ், இரும்பை எடுத்துட்டு 316 ஸ்டெயின்லெஸ் (கடல் உப்பை நல்லா தாங்குற ஸ்டீல் ரகம்) போடாம மேல என்ன பூசினாலும் திரும்ப விடும். அரசங்கன்னு முளைச்சிருந்தா வெடுக்குனு பிடுங்காதீங்க, கல்லும் சேர்ந்து வரும். அப்புறம் உச்சியில விளக்கு ரூம் கண்ணாடி ஒழுகுதான்னு பாத்துட்டு கீழ கைய வைங்க.