நித்திய இளைப்பாற்றி என்பது முடிவா, நிறைவா? இடைக்காலக் கிறித்தவ இறையியல் பற்றி ஓர் ஐயம்

தகடூர்த் தமிழாசிரியர்:

வணக்கம். நான் பாலக்கோடு பக்கம் தமிழாசிரியராகப் பணியாற்றுகிறேன். சைவக் குடும்பத்தில் பிறந்தவன். உடன் பணியாற்றும் நண்பரின் தந்தையார் அடக்கத்திற்காகச் சென்ற மாதம் கோவிலூர் சென்றிருந்தேன். ஆளுக்கொரு பிடி மண்ணைக் குழிக்குள் இட்டுக்கொண்டிருந்தபோது, "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று கூடியிருந்தோர் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இளைத்தவன் இளைப்பாறுவது சரி. ஆனால் முடிவே இல்லாத இளைப்பாற்றி என்பது முடிவே இல்லாத உறக்கம்போல் அல்லவா ஆகிவிடும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

இலக்கணம் நடத்துபவன் என்பதால் என் மனம் 'முற்று' என்ற சொல்லுக்குப் போயிற்று. வாக்கியம் முடிந்தாலும் முற்று, காய் விளைந்தாலும் முற்றல். முடிவும் நிறைவும் நம் மொழியில் ஒரே வேரில் நிற்கின்றன. இடைக்கால ஐரோப்பிய இறையியலாளர்கள் மனிதனின் இறுதிக் கதியைப் பற்றி எழுதியபோது இவ்விரண்டில் எதைக் கருதினார்கள்? அந்த நிறைவை உயிரோடு இருக்கும்போதே எய்தலாம் என்று, நம்மவர்கள் சீவன்முத்தி என்று சொல்வதுபோல, அவர்களில் யாரேனும் சொன்னதுண்டா?

காவேரிப்பட்டணம் தோப்புக்காரன்:

ஐயா, கத்தோலிக்கக் குருக்களாகப் பயிற்சி பெறும் குருமடத்தில் நான்கு ஆண்டுகள் படித்துவிட்டு வெளியே வந்து, இப்போது பெங்களூரா மாந்தோப்பு பார்க்கிறவன் நான். மறந்தது போக மீந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கு நேரான விடை தாமஸ் அக்குவினாஸிடம் இருக்கிறது. 1274இல் மறைந்த அவர், தம் 'இறையியல் தொகுப்பின்' இரண்டாம் பாகத்தை மனிதனின் இறுதி இலக்கு எது என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார். செல்வம், மதிப்பு, புகழ், அதிகாரம், உடல்நலம், இன்பம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்து, படைக்கப்பட்ட எந்தப் பொருளும் மனித விருப்பத்தை நிரப்பாது என்ற இடத்தில் நிற்கிறார். சூரியகிரகணத்தைப் பார்த்தவன் அதன் காரணத்தை அறியும் வரை வியப்போடு தேடிக்கொண்டே இருப்பான் என்பது அவர் காட்டும் உதாரணம். அதுபோல, எல்லாவற்றுக்கும் காரணமானவனின் சாரத்தையே நேரில் காணும் வரை அறிவு அமைதி கொள்ளாது என்கிறார்.

உறக்கம் என்ற உங்கள் அச்சத்தை அவரே தீர்த்துவிடுகிறார் என்பேன். பேரின்பம் என்பது ஒரு நிலை மட்டுமன்று, அது ஒரு செயல் என்று அவர் அழுத்திச் சொல்கிறார். காணுதல் என்ற செயல். அலைச்சல் ஓய்கிறது, காட்சி ஓய்வதில்லை. அப்படிக் காண்கிறவனும் கடவுளை முழுவதுமாக அளந்துவிடுவதில்லை. அன்பு மிகுந்தவன் மிகுதியாகக் காண்கிறான்.

முற்றல் என்று சொன்னீர்களே, அதற்குத் தோப்பிலிருந்து ஒன்று சொல்லவேண்டும். காய் முற்றிவிட்டதா என்று ஐயமிருந்தால் ஒன்றைப் பறித்துத் தண்ணீர் வாளியில் போடுவோம். பிஞ்சு மிதக்கும், விளைந்த காய் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அது இன்னும் பழமில்லை. மரத்தைவிட்டு வந்த பிறகு சில நாள் கழித்துத்தான் பழுக்கும். மனிதனும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு: இங்கே முற்றுகிறான், அங்கே பழுக்கிறான்.

ஓசூர் வாசகர்:

தோப்புக்கார அண்ணனின் மாங்காய் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு திருத்தந்தை ஏறத்தாழ அந்த மாங்காயால்தான் வம்பில் மாட்டிக்கொண்டார் என்பதையும் சொல்லவேண்டும்.

1331ஆம் ஆண்டு, நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளன்று, திருத்தந்தையர் அப்போது தங்கியிருந்த அவிஞ்ஞோன் நகரில் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் ஒரு மறையுரை ஆற்றினார். இறந்த புனிதர்கள் இப்போது கிறிஸ்துவின் மனித இயல்பின் நிழலில் இளைப்பாறுகிறார்கள். உடல் உயிர்த்தெழுந்து பொதுத் தீர்வை, அதாவது உலக முடிவின் தீர்ப்பு, நடந்த பிறகுதான் இறைவனின் சாரத்தை முகமுகமாகக் காண்பார்கள் என்பது அவர் கருத்து. பறித்த காய் பழுக்கக் காத்திருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அவர் புதிதாகக் கட்டியதுமன்று. ஆன்மா தன் உடலை ஏங்கிக்கொண்டிருக்கும் வரை அதன் நிறைவு முழுமையடையாது என்று 12ஆம் நூற்றாண்டிலேயே புனித பெர்நார்து எழுதியிருந்தார்.

எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. அதே அவிஞ்ஞோனில் 1333 சனவரியில் எதிர்த்துப் பேசிய தாமஸ் வாலிஸ் என்ற ஆங்கிலேயத் தொமினிக்கன் துறவி சிறையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு இறுதியில் பிரான்சு அரசர் ஆறாம் பிலிப்பு கூட்டிய பாரிஸ் இறையியலாளர்களும் திருத்தந்தையின் கருத்தை ஏற்கவில்லை. தாம் சொன்னது ஒரு கருத்தேயன்றித் திருச்சபையின் தீர்ப்பு அன்று என்ற நிலையிலிருந்த முதியவர், 1334 திசம்பரில், சாவதற்கு முந்தைய நாள், அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336 சனவரி 29 அன்று வழக்கை முடித்துவைத்தார்: தூய்மைபெற வேண்டியது எதுவும் இல்லாத ஆன்மாக்கள் இறந்தவுடனேயே, பிறருக்கோ உத்தரிக்கிற ஸ்தலத்தின் தூய்மைக்குப் பிறகு உடனேயே, பொதுத் தீர்வைக்கு முன்பாகவே, இடையில் எந்தப் படைப்பும் நில்லாமல் இறைவனின் சாரத்தைக் காண்கின்றன. எனவே கோவிலூர்க் கல்லறையில் நீங்கள் கேட்ட இளைப்பாற்றி காத்திருப்பு அன்று.

சீவன்முத்தி பற்றிய கேள்விக்கு விடை இன்னும் கடுமையானது. இவ்வுலகிலேயே பாவம் செய்ய முடியாத அளவுக்கு, அருளில் இனி வளரவே இடமில்லாத அளவுக்கு ஒருவர் நிறைவடையலாம் என்ற கருத்தை 1311–12இல் கூடிய வியென் பொதுச்சங்கம் கண்டித்தது. ஆன்மா கடவுளின் அன்பில் தன் விருப்பத்தையே கரைத்துவிடலாம் என்று பிரெஞ்சு மொழியில் எழுதிய மார்கரீத் பொரேத் என்ற பெண்மணி அதற்குச் சற்று முன்பு, 1310 சூன் 1 அன்று, பாரிசில் எரிக்கப்பட்டார். இதை நிதானமாக எழுத எனக்கு இன்னும் வருவதில்லை. முந்தைய நூற்றாண்டின் பெரிய ஆசிரியர்கள் ஏறக்குறைய அதே விளிம்புவரை லத்தீனில் எழுதிவிட்டு நிம்மதியாகச் செத்திருக்கிறார்கள்.

தகடூர்த் தமிழாசிரியர்:

இருவருக்கும் நன்றி. இறந்தவுடன் காட்சி கிடைத்துவிடுகிறது என்றால், உடல் உயிர்த்தெழுவதால் அவ்வான்மாவுக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும்? மற்றொன்று, இங்கே நிறைவே இல்லை என்றால் துறவிகள் 'நிறைவு நிலையில்' இருப்பதாகப் படித்தேனே, அது எப்படி?

காவேரிப்பட்டணம் தோப்புக்காரன்:

ஓசூர்த் தம்பி சொன்னது சரிதான். என் மாங்காயைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சாவுக்கு முந்தைய நாள் வரை காத்திருக்கவில்லை.

உடல் இல்லாமலும் பேரின்பத்தின் சாரம் குறைவதில்லை என்பதே அக்குவினாஸின் முதிர்ந்த கருத்து. காணப்படுவது வளர்வதில்லை, காண்கிறவன் முழு ஆளாகிறான். ஆகவே உடல் திரும்பும்போது அந்த இன்பம் ஆழத்தில் கூடாமல் பரப்பில் கூடுகிறது என்கிறார்.

துறவியர் செய்தியில் அவர் ஒரு கோட்டைத் தெளிவாகக் கிழிக்கிறார். நிறைவு என்பது அன்பில் இருக்கிறது. அன்புக்குத் தடையானவற்றை அகற்றுவதே இம்மையில் இயலும் நிறைவு. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய வார்த்தைப்பாடுகள் (துறவற உறுதிமொழிகள்) அதற்கான கருவிகள் மட்டுமே. வார்த்தைப்பாடு கொடுத்தவர் 'நிறைவு நிலையில்' இருக்கிறார் என்றால், அதை நோக்கி நடப்பதாக ஊரறியக் கட்டுப்பட்டிருக்கிறார் என்றுதான் பொருள். அந்த நிலையில் இருந்துகொண்டே அன்பு இல்லாதவரும் உண்டு, அந்த நிலையில் இல்லாமலேயே நிறைவானவரும் உண்டு என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அங்கியைக் கழற்றிவிட்டுத் தோப்புக்கு வந்த எனக்கு அந்தப் பக்கம் எந்த வரிசையில் இருந்தது என்பதுகூட இன்னும் நினைவிருக்கிறது.